காகிதத்தை விட்டுவைத்தல்

(புனேயில் வாழும் தமிழர்கள் கூடிய அவையில் நீர்வண்ண ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், புல்தரையையும் கட்டட அடித்தளங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோமே, அந்தச் சனிவார் வாடா அரண்மனைக்குள் ஒரு காலத்தில் ஓவியப் பள்ளி நடந்தது. ஐரோப்பிய முறையில் படம் வரையச் சொல்லிக்கொடுத்த பள்ளி. 1790களின் முற்பகுதி அது. பேஷ்வா சவாய் மாதவராவ் இருபது வயதை எட்டாத இளைஞர். ஆட்சியின் கடிவாளம் நானா ஃபட்னவிஸ் கையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இங்கே இருந்த சார்லஸ் மாலெட், பேஷ்வாவின் மனத்தைக் கரைத்துப் பள்ளியைத் தொடங்க வைத்தார். கற்பிக்க வந்தவர் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர். பேஷ்வாவையும் நானாவையும் அவர் வரைந்த 1792ஆம் ஆண்டு எண்ணெய் வண்ணப் படத்தை உங்களில் சிலர் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிக்கு ஆயுள் கெட்டியில்லை. 1795 அக்டோபரில் சவாய் மாதவராவ் அரண்மனை மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த மாதமே வேல்ஸ் காய்ச்சலில் போய்விட்டார். 1828இல் பிடித்த தீயில் அரண்மனையும் எரிந்தது. எஞ்சியது ஒரு மாணவரின் கைவேலை. அவர் பெயர் கங்காராம் சிந்தாமண் தாம்பட். கஸ்பா பேட்டையில் இன்றும் செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டும் ஓசை கேட்கிறதே, தாம்பட் ஆளி, அந்தச் செம்புக் கொல்லர் மரபின் பெயர்தான் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. மாலெட்டுக்காக அவர் எல்லோராவுக்குப் போய்க் குகைகளை வரைந்தார். பேஷ்வாவின் விலங்குக் கூடத்திலிருந்த காண்டாமிருகத்தை வரைந்தார். தட்சிணை கொடுக்கும் நாளில் பார்வதி மலை எப்படியிருந்தது என்று வரைந்தார். இவை இப்போது புனேயில் இல்லை. அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன.

கங்காராம் கற்ற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் நீர்வண்ணம் என்றால் சாயமேற்றிய கோட்டுப்படம். முதலில் பென்சிலாலோ மையாலோ கோடு. அடுத்து நிழல் விழும் இடமெல்லாம் சாம்பல் நிறப் பூச்சு. அது காய்ந்த பிறகு மேலே மெல்லிய நிறம். கோடுதான் எஜமான், நிறம் ஏவலாள். ரெசிடெண்டுக்கு வேண்டியது ஆவணம். தூணில் எத்தனை பட்டை, சிற்பத்துக்கு எத்தனை கை, மலை மேல் எத்தனை கோபுரம் என்ற கணக்கு. 'எதையும் விடாதே' என்பதே அந்தப் பள்ளியின் பாடம். கங்காராம் அதில் தேறியவர். அவர் படங்களைப் பார்த்தால் ஒரு கொல்லனின் பொறுமை தெரிகிறது.

நான் கற்பிப்பது இதற்கு எதிர்ப்பாடம். எதை விடுவது என்பதை. அதற்குத்தான் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியமும் லத்தீன் கவிதையும் எனக்குத் தேவைப்படுகின்றன. இரண்டையும் கேட்டதும் உங்கள் முகத்தில் வருகிற சந்தேகம் எனக்குப் பழக்கமானது. என் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் முகத்திலும் அதைப் பார்க்கிறேன். "சார், எலிமெண்டரி, இண்டர்மீடியட் டிராயிங் பரீட்சைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்கிறார்கள். வராது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் கிடையாது. பெட்டியில் வெள்ளைக் குழாய் ஒன்று வரும், அதை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். படத்தில் தெரியும் வெளிச்சமெல்லாம் காகிதத்தின் வெளிச்சம். ஒளிபுகும் நிறத்தின் வழியே வெளிச்சம் காகிதம்வரை போய்த் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. ஆகவே எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தொடக்கூடாது. இதைச் சொல்வது எளிது. பன்னிரண்டு வயதுப் பையன் கையில் பிரஷைக் கொடுத்து, இங்கே தொடாதே என்று சொல்லிப் பாருங்கள்! பெரியவர்கள் இன்னும் மோசம். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் கொடுத்த காசுக்கு மோசம் என்று தோன்றுகிறதோ என்னவோ, நிரப்பிவிட்டுத்தான் ஓய்வார்கள்.

ரோகோகோ என்ற அந்தப் பிரெஞ்சுப் பாணியின் ஓவியர்கள் என்றதும் நீர்வண்ணம் நினைவுக்கு வராது. வாத்தோ, பூஷே, ஃப்ராகொனார் மூவரும் புகழ்பெற்றது எண்ணெய் வண்ணத்தில். வாத்தோ 1717இல் பிரெஞ்சு அகாதெமியிடம் கொடுத்த சித்தேரா தீவுப் பயணப் படமும் எண்ணெய் வண்ணம்தான். ஆனால் அவர்கள் தாளில் செய்த வேலை வேறு உலகம். ஃப்ராகொனாரின் பழுப்பு மைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். விறகுப் புகைக்கரியிலிருந்து எடுக்கும் மை அது. கரிக்கோட்டால் மேலோட்டமாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்வார். பிறகு நிறைய நீர் சேர்ந்த பிரஷ் தாளில் ஓடும். மரத்துக்கு இலை வரைய மாட்டார். இலைகளுக்கு இடையில் விழும் நிழலை நாலைந்து திட்டுகளாக வைப்பார். தொடாமல் விட்ட தாள் வெயிலில் மினுங்கும் இலையாகிவிடும். அந்தப் படத்துக்கு முன் நின்றால், இந்த மனிதர் எங்கே கை வைத்தார் என்பதைவிட எங்கே கையை எடுத்தார் என்பதுதான் தெரியும்.

அவருக்கு முன்பே வெனிஸில் ரொசால்பா கரியேரா என்ற பெண் இந்த வித்தையை இன்னும் சிறிய அளவில் செய்திருந்தார். பொடி டப்பா மூடிகளுக்குச் சிற்றோவியம் தீட்டித் தொழிலைத் தொடங்கியவர். மெல்லிய யானைத் தந்தத் தகட்டின் மேல் நீர்வண்ணம் இட்டார். முகத்தின் பளபளப்பைத் தந்தமே கொடுத்தது. அவர் அதை மறைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். 1720இல் பாரிசுக்குப் போனபோது ஊரே அவரிடம் முகம் காட்ட வரிசையில் நின்றது. மரணத்தின் வாசலில் இருந்த வாத்தோவையும் வரைந்தார். கலை வரலாற்று நூல்கள் அவரைப் பாஸ்டல் ஓவியராக மட்டும் பேசிவிட்டு நகர்கின்றன. என் வகுப்பில் அவர்தான் முதல் பாடம்.

இனி லத்தீனுக்கு வருகிறேன். இங்கே ஒரு காகிதக் கதை இருக்கிறது. பழைய ஐரோப்பியக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடு கோடாகத் தெரியும். கூழை அள்ளும் சல்லடையில் கம்பிகள் வரிசையாக இருந்ததால் அந்த வரி. அதில் நீர்வண்ணம் இட்டால் பள்ளத்தில் நிறம் தேங்கும், மேட்டில் வெளிறும். கெண்ட் பகுதியில் ஜேம்ஸ் வாட்மன் என்ற காகித ஆலைக்காரர் நெய்த கம்பித் துணியைச் சல்லடையாக்கி, வரி விழாத வழவழப்பான காகிதத்தைச் செய்தார். அது முதலில் அச்சேறிய புத்தகம் எது தெரியுமா? பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் அச்சிட்ட, லத்தீன் கவி வெர்ஜிலின் கவிதைகள். தன் மெல்லிய எழுத்துருக்கள் சிதையாமல் பதிய வேண்டும் என்பது பாஸ்கர்வில்லின் கவலை. கவிதைக்காகப் பயன்பட்ட அந்தக் காகித வகை பிறகு ஓவியர்கள் கைக்குப் போனது; டர்னர் முதலான பெரிய கைகளெல்லாம் வாட்மன் காகிதத்தில்தான் விளையாடின. ஆங்கில நீர்வண்ணம் சாயமேற்றிய கோட்டுப்படம் என்ற நிலையிலிருந்து விடுபட்டதில் அந்தக் காகிதத்துக்குப் பங்கு உண்டு. ரீவ்ஸ் சகோதரர்கள் தண்ணீர் தொட்டால் கரையும் நிறக்கட்டிகளைச் செய்து, அதற்காக 1781இல் லண்டன் கலைக்கழகத்தின் பரிசு வாங்கியதும் இன்னொரு காரணம். அதுவரை ஓவியர்கள் நிறத்தை அரைத்துப் பிசின் சேர்த்துத் தாங்களே தயாரிக்க வேண்டியிருந்தது.

காகிதத்தில் புனேயும் சளைத்ததல்ல. ஜுன்னரில் பழங்காலம் தொட்டுக் காகிதம் செய்தார்கள். இங்கே காக்தீபுரா என்றே ஒரு பேட்டை இருக்கிறது. 1940இல் தொடங்கிய கைக்காகித நிறுவனம் சிவாஜி நகரில் இன்னும் நடக்கிறது. சேரும் மாணவர்களை அங்கே கூட்டிப்போய் கூழ்த்தொட்டியைக் காட்டுவது என் வழக்கம். காகிதம் கடையில் விளைவது இல்லை என்று தெரிந்த பிறகு அதன் மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது.

லத்தீனும் இந்த ஊருக்குப் புதிதல்ல. மாலெட்டுக்குப் பிறகு 1811இல் ரெசிடெண்டாக வந்த எல்ஃபின்ஸ்டன் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களில் ஊறியவர். 1817 நவம்பர் 5ஆம் தேதி கட்கிப் போர் அன்று, முளா முட்டா நதிகள் கூடும் சங்கத்தில் இருந்த அவரது மாளிகை எரிக்கப்பட்டது. புத்தகங்களெல்லாம் அதோடு போயின. பிறகு 1955இல் கண்டியிலிருந்து பாப்பிறை குருமடம் நகர் ரோட்டுக்கு இடம் மாறி வந்தது. 1893இல் தொடங்கிய அந்தக் குருமடத்தில் அந்நாளில் பாடமொழியே லத்தீனாக இருந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். எனக்கு வெர்ஜிலைச் சொல்லித்தந்ததும் அப்படிப் படித்த ஒரு பெரியவர்தான். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே வரி வரியாகச் சொல்வார். தமிழில்தான்.

நான் மாணவர்களுக்கு லத்தீன் இலக்கணம் நடத்துவதில்லை. ஒரு பத்தியை மூல மொழியில் ஒருமுறை வாசிப்பேன். ஓசை காதில் விழட்டும் என்று. பிறகு மராத்தியில் பொருள் சொல்வேன். என்ன பார்த்தாய், எந்த வரிசையில் பார்த்தாய் என்று மட்டும் கேட்பேன்.

வெர்ஜிலின் பத்து முல்லைப் பாட்டுகளில் முதலாவது ஒரு மாலைப்பொழுதில் முடிகிறது. தூரத்து வீட்டுக் கூரைகளில் புகை எழுகிறது, உயர்ந்த மலைகளிலிருந்து நிழல் நீண்டு விழுகிறது. அவ்வளவுதான் காட்சி. மலையின் நிறம் சொல்லவில்லை, வானம் சொல்லவில்லை, வீடு எத்தனை என்று சொல்லவில்லை. ஆனால் படித்தவுடன் முழு நிலமும் கண்ணில் வந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு மாணவர்களை வேதாள் டேக்டி குன்றுக்கு அழைத்துப்போவேன். சூரியன் இறங்கும் நேரத்தில் கோத்ரூட் பக்கம் நிழல் எப்படி ஊர்ந்து வருகிறது என்று பார்க்கச் சொல்வேன். ஒரே பழுப்பு நிறம், ஒரே பிரஷ். போட்ட இடத்தில் மறுபடி போடக்கூடாது. நிழலை மட்டும் வரை, மற்றதைத் தாள் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் வெறும் அழகுப் பாடமாகிவிடும். மாலையைக் காட்டிப் பேசுகிறவன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவன். கேட்கிறவன் நிலத்தை இழந்து ஊரைவிட்டுப் போகிறவன். கி.மு. 42இல் ஃபிலிப்பைப் போர் முடிந்ததும் படைவீரர்களுக்குக் கொடுப்பதற்காக இத்தாலியில் உழவர் நிலங்கள் பறிக்கப்பட்டன. அந்தப் பின்னணியில் எழுந்த பாட்டு இது. டேக்டியின் வயிற்றைக் கிழித்துச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்து நடந்து போனவர்களில் என் மாணவர்களும் உண்டு. அந்த மாலை நிழலில் யார் வீடு இருக்கிறது, யார் வீடு இல்லை என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள், நான் தூண்டுவதில்லை.

இன்னொரு லத்தீன் கவியான ஹோரஸிடம் போவோம். பனி மூடி வெளுத்து நிற்கும் ஒரு மலை, பனியின் பாரம் தாங்காத மரங்கள், உறைந்து நின்ற ஆறுகள். இப்படித் தொடங்கும் பாட்டு ஒன்று உண்டு. என் மாணவர்களில் பெரும்பாலோர் பனிமலையைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஜூலையில் சிம்மகட் போனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கரும்பாறைக் கோட்டையைக் காணோம், வெறும் வெள்ளை. மஞ்சு விலகும் இடத்தில் மட்டும் பாறையின் ஒரு முனை. பனியானாலும் மஞ்சானாலும் ஓவியனுக்கு ஒரே சிக்கல்: வெள்ளையை வரைய முடியாது, அதன் ஓரத்தைத்தான் வரைய முடியும். மழைக்காலத்தில் இங்கே காற்றில் ஈரம் இருப்பதால் ஈரத்தாளில் ஈர நிறம் வைத்தால் வெகுநேரம் பரவும். ஓரம் தானாக மங்கும். ஏப்ரலில் அதே வேலையைச் செய்தால் பிரஷை எடுப்பதற்குள் காய்ந்து கத்திபோல் விளிம்பு விழும். ஆகவே ஹோரஸின் பனிமலைப் பாட்டை நான் ஆடி மாதத்தில் நடத்துகிறேன். பாடத்திட்டத்தை இந்த ஊரின் பருவக்காற்றுதான் போடுகிறது!

ஃப்ராகொனாரும் ஹோரஸும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. ரோமுக்கு அருகே திவோலி. ஹோரஸ் மிக விரும்பிப் பாடிய ஊர். 1760 கோடையில் இளைஞர் ஃப்ராகொனார் அங்கே எஸ்தே மாளிகைத் தோட்டத்தில் தங்கிச் செஞ்சுண்ணக்கட்டியால் வரைந்து தள்ளினார். ஓங்கிய சைப்ரஸ் மரங்களும் அடியில் எறும்புபோல மனிதர்களும். அந்த நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களுக்கு லத்தீன் கவிதை வீட்டுச் சொத்து. ஓவிட்டின் உருமாற்றக் கதைகளிலிருந்து பூஷே எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. 1767இலிருந்து பாரிசில் வெளிவந்த ஓவிட் பதிப்புக்குப் படம் போட்டவர்களில் அவரும் ஒருவர். நான் இரண்டையும் சேர்த்து வைத்துக் கற்பிப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. பிரிந்து கிடந்ததை ஒட்டுகிறேன், அவ்வளவே.

லத்தீன் வாக்கியத்தின் ஒரு குணத்தை உங்களிடம் விளக்குவது சுலபம். மராத்தி மாணவர்களிடம் இதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. லத்தீன் கவி ஓர் அடைமொழியை வரியின் தொடக்கத்தில் வைப்பார். அது தழுவும் பெயர்ச்சொல் வரியின் கடைசியில் வரும். நடுவில் வேறொன்றின் அடை, ஒரு வினை. படிப்பவர் அடைமொழியைக் கையில் ஏந்திக்கொண்டே கடைசிவரை போக வேண்டும். நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறதே, அதில் பூட்டுவில்லையும் கொண்டுகூட்டையும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது அதிசயமில்லை. ஓவியத்திலும் அதேதான். வானத்தில் வைத்த நீலத்தைக் கீழே வலது மூலையில் ஒரு பெண்ணின் பாவாடை மடிப்பில் மறுபடி வைக்கிறார் வாத்தோ. இடையில் எத்தனையோ நிறங்கள். கண் முதல் நீலத்தை மறக்காமல் கொண்டுபோய் இரண்டாவதோடு கூட்டிக்கொள்கிறது. நீர்வண்ணத்தில் இது இன்னும் கறாரானது. முதல் பூச்சிலேயே எங்கே எதைக் கொண்டுகூட்டப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு யோசித்தால் நடக்காது.

அப்படியானால் குறுந்தொகையை வைத்தே கற்பிக்கலாமே என்று இங்கே கேட்பீர்கள். கற்பிக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தாலும் அவர்களுக்கு முதலில் குறிஞ்சித்திணைதான். ஆனால் வகுப்பில் மராத்தி, கன்னடம், மலையாளம், வங்காளம் எல்லாம் கலந்திருக்கிறது. யாருடைய தாய்மொழியும் இல்லாத ஒன்றை நடுவில் வைத்தால் எல்லாரும் சம தூரத்தில் உட்காரலாம். இதற்கு நம்மவரே முன்னோடி. வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே, வெர்ஜில் பிறந்த மாந்துவா வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். லத்தீனில் வளர்ந்தவர் தமிழுக்கு வந்து தேம்பாவணி பாடினார். தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியருக்கு லத்தீனில் எழுதினார். குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்தார். பிறந்தது 1680இல், மறைந்தது 1747இல். வாத்தோவுக்கு நான்கு வயது மூத்தவர். ரோகோகோ என்று நாம் சொல்லும் காலமும் அவரது ஏலாக்குறிச்சியும் ஒரே காலம் என்பதை நம் பாடநூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

தஞ்சை மராத்தியரையும் இங்கே நினைக்கலாம். இரண்டாம் சரபோஜிக்குப் பாடம் சொன்னவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். பல ஐரோப்பிய மொழிகள் சரபோஜிக்குப் பழக்கம். சரபோஜி காலத்தில் தஞ்சை ஓவியர்கள் பறவை, விலங்குகளை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். அவற்றில் ஒரு தொகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கங்காராமின் காண்டாமிருகத்தையும் அந்தப் பறவைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புனே மராத்தியரும் தஞ்சை மராத்தியரும் ஓவியத்தில் எப்படிப் பிரிந்தார்கள் என்று ஒரு நல்ல ஆய்வே எழுதலாம். இளையவர் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோகோகோவின் மேல் உள்ள குற்றச்சாட்டையும் மறைக்கப் போவதில்லை. பிரபுக்களின் பொழுதுபோக்கு, உழைப்பவன் வியர்வை தெரியாத ரோஜா நிறம் என்பார்கள். 1760களிலேயே விமர்சகர் தித்ரோ பூஷேயைக் கிழித்துத் தோரணம் கட்டினார். எனக்கும் பூஷேயின் பெரிய படங்கள் திகட்டும். இடையர்கள் பட்டுடுத்தி ஆடு மேய்க்கிறார்கள். அந்த ஆட்டுக்கு ரிப்பன் வேறு. ஆனால் அதே கை தாளில் கரிக்கட்டியால் வரைந்த தோள்பட்டையைப் பாருங்கள். இரண்டு கோடு, ஒரு தேய்ப்பு. பொருள் பிடிக்காவிட்டாலும் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கங்காராமும் அதைத்தான் செய்தார். கம்பெனிக்காரனின் ஆவண ஆசைக்குத்தான் வரைந்தார், ஆனாலும் கை தேறியது அவருக்கு.

மேற்கு இந்திய நீர்வண்ணத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பவர்கள் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போய், சாவந்த்வாடிக்காரரான ஹல்தன்கர் வரைந்த விளக்கேந்திய பெண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வண்ணம் என்று பந்தயம் கட்டுவீர்கள்; அது நீர்வண்ணம். விரல்களின் இடுக்கில் கசியும் சுடரொளி முழுக்க, தாளை மூடாமல் காத்ததால் வந்தது.

யேல் மையம் கங்காராமின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பார்வதி மலைப் படத்தை இந்த வருடம் வகுப்பில் ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறேன். அவர் நின்றிருக்கக்கூடிய பக்கமாகப் போய் நின்று, அதே மலையை, அவர் சேர்த்ததில் பாதியை விட்டுவிட்டு வரைய வேண்டும். எந்தப் பாதியை விடுவது என்பதில் மாணவர்களுக்குள் சண்டை நடக்கிறது. கோபுரத்தை விடக்கூடாது என்று ஒரு கட்சி, கூட்டத்தை விடக்கூடாது என்று இன்னொரு கட்சி. இரு கட்சியின் படங்களும் வெளியே மேசையில் இருக்கின்றன. இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.